நிறம் முதலா, கடைசியா?

மரப்படகுக்கு நிறம் கடைசியில் வரும். படகு கட்டும் தச்சரான ஓடாவி, அடிமரமான ஏராக்கட்டை வைத்து, விலா போன்ற வங்குக்கால் நிறுத்தி, பலகை அறைவார். மூட்டுகளில் பஞ்சு திணித்துக் குங்கிலியம் பூசுவார். மரம் எண்ணெய் குடித்து முடித்த பிறகுதான் பெயிண்ட் டப்பா திறக்கும். பைபர் படகில் நிறம்தான் முதலில். அச்சின் உட்புறத்தை மெழுகு தேய்த்துப் பளபளப்பாக்கி, அதன்மேல் நிறம் கலந்த ஜெல்கோட்டைப் பூசுகிறார்கள். கண்ணாடி இழை மேட்டும் ரெசினும் அதன் முதுகில்தான் அடுக்கடுக்காக ஏறுகின்றன. அச்சிலிருந்து படகைக் கழற்றும்போது நிறமும் மினுமினுப்பும் அதோடு சேர்ந்தே வெளியே வருகின்றன.

நம் கடற்கரையில் இந்த வரிசை மாறி அதிக காலம் ஆகவில்லை. கட்டுமரத்தில் தொழிலுக்குப் போனவர்கள் இன்றும் கரையில் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் பைபர் படகில் போகிறார்கள். படகின் முன்பக்கமான அணியத்தில் ஒரு பொரிவு விழுந்தால், “பெயிண்ட் அடிச்சா போதுமா, ஜெல்கோட் போடணுமா?” என்று அந்தப் பிள்ளைகள் கேட்கிறார்கள். விலையை வைத்தும், கடையில் அன்று எது கிடைக்கிறது என்பதை வைத்தும் இதற்குப் பதில் சொல்லிவிடுகிறோம். உண்மையான பதில், நிறம் முதலில் வந்ததா கடைசியில் வந்ததா என்பதில் இருக்கிறது.

எண்ணெய் குடித்த காலம்

கட்டுமரத்துக்குப் பூச்சே கிடையாது. எடை குறைந்த மரக்கட்டைகளை வரிசைப்படுத்திக் கயிற்றால் கட்டியதுதான் கலம். தொழில் முடிந்து கரையேறியதும் கட்டை அவிழ்த்து மணலில் காயப் போடுவார்கள். ஊறிய மரம் கனக்கும், கனத்தால் அலையைத் தாண்டாது. வெயிலில் காய்ந்தால் எடையும் இறங்கும், மரத்தைத் துளைக்கும் புழுவும் சாகும். அந்தக் கலத்துக்குப் பராமரிப்பு என்பது வெயில்தான்.

துறைமுகம் வருவதற்கு முந்தைய சென்னையில், கப்பலுக்கும் கரைக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கிய மசூலா படகில் ஆணி இல்லை. பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்திருந்தார்கள். அலை தூக்கிக் கரையில் அடித்தாலும் தையல் நெகிழ்ந்து கொடுக்கும், பலகை பிளக்காது. சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகு வடிவங்களைப் பற்றி 1920-ல் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய கலங்களை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். தையல் தளர்ந்தால் பிரித்து மறுபடி தைப்பார்கள். கட்டிய பொருளாலேயே பழுதும் பார்க்கப்பட்டது.

பாக் நீரிணை, மன்னார் வளைகுடாப் பக்கத்து வள்ளங்களுக்கும் வத்தைகளுக்கும் சுறா எண்ணெய் பூசினார்கள், முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் பூசினார்கள். நாற்றம் ஊரைத் தூக்கும். ஆனால் எண்ணெய் மரத்துக்குள் இறங்கிய வரைக்கும் உப்புநீர் உள்ளே போகத் தயங்கும். பெயிண்ட் அடிப்பது மேல்பலகைக்கு, அழகுக்கு, அடையாளத்துக்கு. படகைக் காப்பாற்றியது எண்ணெயும், மூட்டுகளில் பஞ்சு திணிக்கும் கலப்பற்றும்தான் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. காப்பது வேறு, நிறம் கொடுப்பது வேறு என்ற தெளிவு அன்று இருந்தது. இன்றைய குழப்பம் பெரும்பாலும் அந்தத் தெளிவு போனதால் வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மரம் தன் நோயை மறைக்காது. மூட்டு விட்டால் தண்ணீர் கசியும், பலகை உளுத்தால் கத்திமுனை இறங்கும். கடலோரத்தில் பிறந்த பையன் பத்து வயதிலேயே இதைப் படித்துவிடுவான்.

பைபர் வந்த வழி

கட்டுமரத்துக்கு ஏற்ற பருமனான, இலேசான கட்டை கிடைப்பது அரிதாகியது, விலையும் ஏறியது. மாற்றுக் கலம் தேடும் முயற்சிகள் சுனாமிக்கு வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டன. ஐ.நா. உணவு, வேளாண்மை அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம் 1979-ல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஆரம்பமானது. அலைக்குள் நேரே ஓட்டிக் கரையேற்றக்கூடிய சிறு படகுகளை அத்திட்டம் வடிவமைத்துச் சோதித்தது. குமரி மாவட்டத்து முட்டத்தில் பெல்ஜியம் நாட்டவரான பியர் ஜிலே ஒட்டுப்பலகைப் படகுகளை உள்ளூர் மீனவர்களோடு சேர்ந்து உருவாக்கினார். ஒட்டுப்பலகையைத் தைத்து ஒட்டும் அந்த முறையில், மரமும் ரெசினும் ஒரே கலத்தில் சந்தித்தன.

பிறகு 2004 டிசம்பர் 26 வந்தது. சுனாமியில் கட்டுமரங்களும் வள்ளங்களும் நொறுங்கிப்போன ஊர்களுக்கு நிவாரணமாக வந்தவை பெரும்பாலும் பைபர் படகுகள். பிழைப்பு உடனே திரும்ப வேண்டும், படகு உடனே வேண்டும். அந்த அவசரத்தில் பட்டறைகள் பெருகின. சில படகுகள் தரமாக இருந்தன. சிலவற்றில் மேட் அடுக்கு குறைவு, ரெசின் சரியாக ஊறவில்லை, ஜெல்கோட் ஒரு பக்கம் தடிப்பு மறுபக்கம் மெல்லிசு. தரத்தைப் பற்றிய கவலை அப்போதே எழுந்தது.

படகு கிடைத்தது, பழுதுபார்க்கும் அறிவு கூடவே கிடைக்கவில்லை. ஓடாவியிடம் தலைமுறையாக இருந்தது மரத்தின் அறிவு. ரெசினின் அறிவு பட்டறைக்காரரிடம் இருந்தது, அவர் படகை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டார். கரையில் மிஞ்சியது பழைய பழக்கமான பெயிண்டும் பிரஷும். மரப்படகில் கடைசியாகச் செய்து பழகிய வேலையை, பைபர் படகில் எல்லா நோய்க்கும் மருந்தாக்கிவிட்டோம்.

ஒட்டும் குணம்

ஜெல்கோட்டைக் கெட்டியான பெயிண்ட் என்று நினைப்பவர்கள் உண்டு. அது பாலியஸ்டர் ரெசின். நிறமும், செங்குத்துப் பரப்பில் வழியாமல் நிற்பதற்கான சேர்மானமும் கலந்தது. படகின் உடம்பில் உள்ள ரெசினும் அதே குடும்பம்தான். பெயிண்ட் காய்வது பெரும்பாலும் அதன் கரைப்பான் ஆவியாகிப் போவதாலும் காற்றோடு சேர்வதாலும். ஜெல்கோட் காய்வதில்லை, இறுகுகிறது. இறுக வைக்கும் திரவமான கேட்டலிஸ்ட்டைக் கலந்தவுடன் உள்ளுக்குள்ளேயே சூடேறி இறுகுகிறது.

தடிப்பும் வேறு. படகில் ஜெல்கோட் சுமார் அரை மில்லிமீட்டர் இருக்கும். இரண்டு கை பெயிண்ட் காய்ந்தபின் அதில் ஐந்தில் ஒரு பங்கு தேறினால் அதிகம். மணலில் இழுபடும் படகுக்கு இந்த வித்தியாசம் சிறியதல்ல. பெயிண்ட் ஒரு பருவத்தில் தேய்ந்து போகிற இடத்தில் ஜெல்கோட் பல பருவம் தாங்கும்.

ஆனால் ஜெல்கோட்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்றுப் படுகிற பக்கம் அது முழுதாக இறுகாது, பிசுபிசுவென்றே நிற்கும். அச்சுக்குள் இது வரம். அச்சை ஒட்டிய பக்கம் காற்றுப் புகாமல் கண்ணாடிபோல் இறுகும். திறந்த பக்கம் ஒட்டும் பதத்தில் நிற்பதால், அடுத்து வைக்கும் மேட்டும் ரெசினும் அதைப் பற்றிக்கொண்டு ஒரே உடம்பாகிவிடும். கரையில் பழுது பார்க்கும்போது நிலைமை தலைகீழ். இப்போது வெளியிலிருந்து பூசுகிறோம், காற்றுப் படுவது மேற்பரப்பு. அச்சில் வரமாக இருந்த பிசுபிசுப்பு இங்கே தொல்லையாகிறது. அன்று மாலைக்குள் மணல் முழுதும் அதில் ஒட்டிக்கொள்ளும். “ஜெல்கோட் போட்டோம், காயவே இல்லை, பெயிண்டே மேல்” என்று பலர் சலித்துக்கொள்வதற்குக் காரணம் இதுதான். பொருள் கெட்டதல்ல. காற்றை மறைக்கும் வேலையைச் செய்ய அங்கே அச்சு இல்லை.

அச்சு செய்த வேலையை நாம் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழி. ஜெல்கோட்டில் மெழுகுக் கரைசல் கலந்தால், இறுகும்போது மெழுகு மேலே மிதந்து வந்து காற்றைத் தடுக்கும். இல்லையென்றால், பூசிய இடத்தின்மேல் வழவழப்பான பிளாஸ்டிக் தாளைக் குமிழ் விழாமல் விரித்து, ஓரத்தை டேப்பால் ஒட்டிவிடலாம். சிறு பொரிவுக்கு இரண்டாவது வழியே எளிது.

உள்ளங்கை அகலப் பொரிவு

நங்கூரம் பட்டு அணியத்தின் பக்கவாட்டில் ஒரு பொரிவு விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெல்கோட் பெயர்ந்து உள்ளே பச்சை வெளுப்பாகக் கண்ணாடி இழை தெரிகிறது.

முதல் வேலை தட்டிப் பார்ப்பது. உளிப்பிடியாலோ நாணயத்தாலோ நல்ல இடத்தில் தட்டினால் கணீரென்று ஒலி வரும். பொரிவைச் சுற்றித் தட்டிக்கொண்டே போகும்போது ஒலி மந்தமானால் அடுக்கு விட்டிருக்கிறது. அப்படியானால் பெயிண்டா ஜெல்கோட்டா என்ற பேச்சே வேண்டாம். விட்ட அடுக்கைச் சீவி எடுத்து, விளிம்பைச் சரிவாகத் தேய்த்து, புது மேட் வைத்து ரெசின் ஊட்டிய பிறகே மேல்பூச்சு. ஒலி எங்கும் ஒன்றாக இருந்தால் காயம் மேலோடு நின்றிருக்கிறது.

அடுத்து நன்னீர். உப்பு போகக் கழுவி, நிழலில் ஈரம் முழுக்க உலரவிட வேண்டும். இழை தெரியும் இடம் தண்ணீரை உறிஞ்சியிருக்கும். ஒரு நாள் பொறுத்தாலும் நட்டமில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதிருப்பதே நல்லது. மீன் எண்ணெயும் டீசலும் படாத படகு இல்லை, ஆகவே அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, துணியை மாற்றி இன்னொரு தரம் துடைக்க வேண்டும். தேய்த்துவிட்டுத் துடைத்தால் எண்ணெயை உள்ளே தேய்த்து ஏற்றியதாகும். துடைத்த பிறகு தேய்ப்பதுதான் முறை.

பெயர்ந்த விளிம்பு செங்குத்தாக நிற்கக் கூடாது. உப்புத்தாளால் கிண்ணம் போலச் சரித்துவிட வேண்டும். மயிரிழை விரிசல் ஓடியிருந்தால் உளிமுனையால் அதன் முழு நீளத்தையும் கீறித் திறக்க வேண்டும். திறக்காத விரிசலுக்குள் எதுவும் இறங்காது.

குழி ஆழமாக இருந்தால் ஜெல்கோட்டாலேயே நிரப்பிவிடக் கூடாது. கனமாகப் பூசிய ஜெல்கோட் சுருங்கி வெடிக்கும். பாலியஸ்டர் பட்டியால் நிரப்பி, சுற்றுப்பரப்பைவிட அரை மில்லிமீட்டர் தாழ நிறுத்தி, இறுகியபின் தேய்த்துவிட்டு அந்த அரை மில்லிமீட்டருக்கு மட்டும் ஜெல்கோட். பூசும்போது மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கட்டும், தேய்க்க இடம் வேண்டும்.

கேட்டலிஸ்ட் 100 கிராம் ஜெல்கோட்டுக்கு ஏறக்குறைய 2 கிராம் இருக்கும்; டப்பாவில் தயாரிப்பாளர் சொல்லும் வரம்பே கணக்கு. சித்திரை வெயிலில் அந்த வரம்பின் கீழ்முனையைப் பிடிக்க வேண்டும், இல்லையென்றால் கிண்ணத்திலேயே இறுகிவிடும். அவசரத்துக்கு அதிகம் ஊற்றினால் நொறுங்கும், நேரம் வேண்டும் என்று மிகக் குறைத்தால் முழுதாக இறுகவே இறுகாது. இறுகியபின் பிளாஸ்டிக் தாளை உரித்து, 220 எண் தாளில் தொடங்கி 400, 600, 1000 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டால் காயம் இருந்த இடத்தைக் கை தடவிக் கண்டுபிடிக்க முடியாது.

கண் கண்டுபிடிக்கும். பழைய ஜெல்கோட் வெயிலில் வெளுத்திருக்கும், புதியது டப்பாவின் நிறத்தில் நிற்கும். நிறம் சேர்ப்பது இந்த வேலையில் மிகக் கடினமான பகுதி. தொழில் படகுக்கு அந்த வித்தியாசம் குறையே அல்ல என்பது என் கருத்து. நீர் புகாமல் நிற்கிறதா என்பதே கேள்வி.

பெயிண்ட் வெல்லும் இடம்

இவ்வளவும் சொன்னதால் பெயிண்ட் தாழ்ந்தது என்று பொருளில்லை. அதற்குரிய இடத்தில் ஜெல்கோட் தோற்கும்.

பல ஆண்டு ஓடிய படகைக் கையால் தேய்த்துப் பாருங்கள், வெள்ளைப் பொடி ஒட்டும். வெயிலில் ஜெல்கோட்டின் மேற்பரப்பு சிதைந்துவிட்டது. தடிப்பு மீதம் இருந்தால் பாலிஷிலேயே மினுமினுப்பு திரும்பும். தேய்ந்து மெலிந்து இழையின் வடிவம் தெரியத் தொடங்கிவிட்டால் முழுப்படகுக்கும் மேல்பூச்சு வேண்டும். முழுப்படகுக்கும் வெளியிலிருந்து ஜெல்கோட் பூசினால், பூசியதையெல்லாம் தேய்த்து மட்டமாக்கும் வேலை ஆளைக் கொன்றுவிடும். பெயிண்ட் தானாகவே பரந்து மட்டமாகும். இங்கே எபாக்ஸி பிரைமரும் அதன்மேல் இரண்டு டப்பா கலந்து அடிக்கும் பாலியூரித்தேன் பெயிண்டும் சரியான தேர்வு. வெயிலில் நிறம் நிற்பதிலும் இந்தப் பெயிண்ட் ஜெல்கோட்டை முந்தும்.

முன்பு யாராவது எபாக்ஸியால் ஒட்டுப்போட்ட இடத்திலும் பெயிண்ட்தான் பத்திரம். பாலியஸ்டரின்மேல் எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும்; எபாக்ஸியின்மேல் பாலியஸ்டர் ஜெல்கோட் பல நேரம் சரியாக இறுகாது, பிடிக்காது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் மேலே எதைப் போடுவது என்று முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று இல்லை.

சாதாரண எனாமல் எல்லா ஊர்ப் பெயிண்ட் கடையிலும் கிடைக்கும், விலையும் குறைவு. தண்ணீர்மட்டத்துக்கு மேலே, உரசல் இல்லாத இடத்துக்கு அது போதும். படகின் பெயர், கட்சிக்கொடி நிறம், தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், 1983-ன்படி பதிவான எண், எல்லாம் எனாமலிலேயே எழுதலாம். ஆனால் புதுப்படகின் பளபளப்பின்மேல் அப்படியே எழுதினால் சில மாதத்தில் தோடு தோடாக உரிந்துவிடும். அச்சில் தேய்த்த மெழுகின் மிச்சம் அங்கே இருக்கிறது. அசிட்டோனால் துடைத்து, உப்புத்தாளால் மினுமினுப்பைக் கொன்றுவிட்டு எழுதினால் நிற்கும்.

பெயிண்ட் ஒருபோதும் வெல்லாத இடமும் உண்டு. லாங்டெயில் எஞ்சின் தாங்கியைச் சுற்றியும், அணியத்திலும், வலை ஏறி இறங்கும் விளிம்பிலும் நட்சத்திரம் போல விரிசல் விழும். அதன்மேல் பெயிண்ட் அடித்தால் அடுத்த நடையிலேயே அதே விரிசல் பெயிண்டிலும் தெரியும். ஜெல்கோட் போட்டாலும் சில மாதத்தில் திரும்ப வரும். அந்த இடத்தில் உடம்பு வளைகிறது. மேல்பூச்சு அதைச் சொல்கிறது, அவ்வளவுதான். உள்பக்கம் மேட் ஏற்றி விறைப்பாக்காமல் எந்த டப்பாவைத் திறந்தாலும் காசு கடலில்.

கைக்கும் கண்ணுக்கும் வந்த மாற்றம்

சுறா எண்ணெயின் நாற்றம் யாரையும் நோயாளியாக்கவில்லை. இன்றைய டப்பாக்கள் அப்படியல்ல. நம் கடைகளில் ரெசினோடு, இறுகுவதை முடுக்கும் ஊதா நிறக் கோபால்ட் ஒரு புட்டியிலும், தண்ணீர்போல் தெளிந்த கேட்டலிஸ்ட் ஒரு புட்டியிலும் தருகிறார்கள். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகச் சந்திக்கவே கூடாது, தீப்பற்றி வெடிக்கும். முதலில் ரெசினில் கோபால்ட்டைக் கலக்கி முடித்து, பிறகே கேட்டலிஸ்ட். கேட்டலிஸ்ட் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. கண்ணாடி அணியாமல் புட்டியைத் திறக்கக் கூடாது. பாலியூரித்தேன் பெயிண்டை ஸ்பிரே அடிக்கும்போது கிளம்பும் ஆவி நுரையீரலைத் தாக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு அடிக்கிற வேலை அல்ல. பிரஷில் அடிப்பது கரைக்கு ஏற்றது. இழையைத் தேய்க்கும் தூசிக்கு முகமூடி வேண்டும், தண்ணீர் விட்டுத் தேய்த்தால் இன்னும் நல்லது.

கேட்க வேண்டிய கேள்விகள்

மரம் தானே பேசியது. பைபர் பேசாது; கேட்டு வாங்க வேண்டும். படகு வாங்கும்போதே பட்டறையில் என்ன ரெசின், எத்தனை அடுக்கு மேட், ஜெல்கோட்டின் நிற எண் என்ன என்று எழுதி வாங்குங்கள். ரெசினும் ஜெல்கோட்டும் சில மாதங்களில், வெப்பத்தில் இன்னும் விரைவில், கெட்டுவிடும் என்பதால் டப்பாவை வாங்கிப் பதுக்கி வைப்பதைவிட அந்தச் சீட்டை வைத்திருப்பது பயன். பழுது பார்த்தபோது எபாக்ஸி போட்டார்களா, பாலியஸ்டரா என்பதையும் அதே சீட்டில் குறியுங்கள். மீனவர் சங்கங்களும் மீன்வளத் துறையும் படகுக்கு மானியம் கொடுக்கும் நாளிலேயே ஒருநாள் பழுதுபார்ப்புப் பயிற்சியையும் சேர்த்துக் கொடுத்தால், 2004-க்குப் பிறகு விட்டுப்போன பாதிக் கடமை நிறைவேறும்.

முடிவெடுக்க மூன்று கேள்வி போதும். உடம்பு வளைகிறதா, அடுக்கு விட்டிருக்கிறதா? ஆம் என்றால் பெயிண்ட், ஜெல்கோட் இரண்டும் பிறகு, முதலில் மேட் வேண்டும். உடம்பு கெட்டி, காயம் சிறிது, மணலும் கயிறும் உரசும் இடமா? ஜெல்கோட். காயம் இல்லை, படகு முழுதும் வெளுத்து மெலிந்திருக்கிறதா, அல்லது அடியில் எபாக்ஸி இருக்கிறதா? பெயிண்ட். ஓடாவிகள் எண்ணெயையும் நிறத்தையும் ஒருபோதும் குழப்பிக்கொண்டதில்லை. பொருள் மாறியிருக்கிறது, அவர்கள் வைத்திருந்த அந்தத் தெளிவு மாற வேண்டிய அவசியமில்லை. உயிரை நம்பி ஏறுகிற கலத்தில் காப்பு முதலில், நிறம் பிறகு.